அந்தப் பூவைக் கழற்றச் சொன்னவள் எழுதுவது

லண்டனில் நவம்பர் 27 மாவீரர் நாள் நினைவு நிகழ்வை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும், பெயர் தெரியாது. மண்டப வாசலில் மடக்கு மேசை போட்டு, செங்காந்தள் என்கிற கார்த்திகைப்பூப் பெட்டியும் குண்டூசி டப்பாவும் வைத்துக்கொண்டு இருக்கிற மனுசி நான்தான். வருகிறவர்களின் நெஞ்சில் பூக் குத்திவிடுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். நவம்பர் குளிருக்கு எல்லோரும் மொத்தக் கோட்டுப் போட்டு வருவார்கள். ஊசி உள்ளே போகாது, வளையும். வயதுபோன ஐயாமார் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நிற்பார்கள். அம்மாமார் சிலர் பூவை என் கையிலிருந்து வாங்கித் தாங்களே குத்திக்கொள்வார்கள். அதை வேறு யாரும் தொடுவது அவர்களுக்குப் பிடிக்காது. இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. போன வருடம் நடந்தது பழகவில்லை.

போன வருடம் ஒரு பிள்ளை தன் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருபது வயது இருக்கும், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம். கோட்டின் இடது பக்கத்தில் கம்பளி நூலில் பின்னிய ஒரு சிவப்புப் பூ. முதலில், போரில் இறந்த படையினரை நினைந்து இந்த நாட்டில் நவம்பரில் அணிகிற பொப்பிப் பூ என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனபோது தெரிந்தது: நடுவில் கறுப்பு, கீழே ஒரு பச்சை இலை, இதழின் ஓரத்தில் வெள்ளை நூல். பலஸ்தீனக் கொடியின் நான்கு நிறமும் அதில் இருந்தது. அழகாகப் பின்னியிருந்தாள். 'நீரே செய்தனீர்?' என்று கேட்டேன். 'ஓம் அன்ரி' என்றாள். பக்கத்திலேயே கார்த்திகைப்பூவைக் குத்த ஊசியை எடுத்தேன்.

அப்போதுதான் உங்கள் குழுவில் ஒருவர் என் காதுக்குள் சொன்னார்: 'அக்கா, அதைக் கழற்றச் சொல்லுங்கோ. இது எங்கட நாள். தேவையில்லாத அரசியல் வேண்டாம்.'

நான் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. அவருக்குப் பதிலாக, அவருடைய வசனத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி, நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை வாதாடவில்லை. 'சரி அன்ரி' என்று கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அதே ஊசித் துளையில் நான் கார்த்திகைப்பூவைக் குத்தினேன். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு வருடமாக அந்தப் பார்வைக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்குச் சற்று முன் ஒரு ஐயா பிரித்தானியப் படைவீரர் சங்கத்தின் சிவப்புப் பொப்பியோடு வந்தார். அவர் கோட்டில் பொப்பிக்குப் பக்கத்தில் கார்த்திகைப்பூவைக் குத்திவிட்டதும் நான்தான். அப்போது என் காதுக்குள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் கேட்பது சின்ன விடயம். இந்த வருட அறிவித்தலில் ஒரு வரி சேருங்கள்: பலஸ்தீன மக்களை நினைந்து பூ அணிந்து வருகிறவர்கள் அப்படியே உள்ளே வரலாம். அவ்வளவுதான். மேடையில் பேச்சு வேண்டாம், தீர்மானம் வேண்டாம், நிகழ்ச்சி நிரலில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். வாசலில் ஒருவரும் எதையும் கழற்ற வேண்டியிருக்கக் கூடாது.

இதை வாயால் சொன்னபோது உங்களில் சிலர் எனக்குச் சொன்ன காரணங்கள் மனதில் இருக்கின்றன. மரியாதையோடுதான் சொன்னீர்கள். நானும் மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

'அரசியல் வேண்டாம்' என்பதுதான் முதல் காரணம். நவம்பரில் குத்துகிற பூ எதுவும் அரசியல் இல்லாமல் முளைத்ததில்லை. எங்கள் தீவிலேயே இதற்குக் கதை உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின் இலங்கையிலும் நவம்பர் 11க்குப் பொப்பி விற்றார்கள். சேர்ந்த காசின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போனது. இலங்கையிலிருந்து அதே போருக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். 1931ல் ஏலியன் பெரேரா என்பவர் நாட்டின் முன்னாள் படையினருக்காகப் பொப்பிக்குப் பதில் சூரியமல் விற்கத் தொடங்கினார். 1933ல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பொப்பி வாங்க வைப்பதைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதியவர் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண். அந்த இயக்கத்தில் இருந்தவர்கள்தான் 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைப் பக்கம் மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். இடதுசாரிக் கட்சியான சமசமாசக் கட்சி பிறந்ததும் அந்த வட்டத்துக்குள்தான். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, எங்கள் வேலியோரப் பூவரசம்பூ. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அந்த மரம்.

அதே 1933ல் இங்கே பிரித்தானியாவில் கூட்டுறவுப் பெண்கள் அமைப்பு வெள்ளைப் பொப்பியைக் கொண்டுவந்தது. முதல் போரில் புருசனையும் மகனையும் அண்ணனையும் இழந்த பெண்கள் அதில் நிறையப் பேர். இன்னொரு போர் வேண்டாம் என்பதற்காக அதை அணிந்தார்கள். அதற்காக அவர்களுக்கும் பேச்சு விழுந்தது. வேலை பறிபோனவர்களும் உண்டு. கொழும்பில் பூவரசு, லண்டனில் வெள்ளைப் பொப்பி, இரண்டும் ஒரே வருடம். யாரை நினைப்பது, யாரை விடுவது என்ற கேள்வி அப்போதும் கோட்டின் இடது பக்கத்தில்தான் நடந்தது.

அப்புறம் எங்களுடைய பூ. புலிகள் தமிழீழத்தின் தேசியப் பூ என்று அறிவித்த கார்த்திகைப்பூ அரசியல் இல்லையா? சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் தங்கள் விளையாட்டு இல்லத்தைக் கார்த்திகைப்பூ வடிவத்தில் அலங்கரித்ததற்குப் பொலிஸ் விசாரணை நடந்ததே, அப்போது நாங்கள் எல்லோரும் என்ன சொன்னோம்? 'பூவுக்குமா பயம்?' என்று கேட்டோம். 2024 மே மாதம் சம்பூரில், 2009 போரின் கடைசி நாட்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களைக் கைதுசெய்தபோது 'கஞ்சிக்குமா பயம்?' என்று கேட்டோம். அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்கவேண்டி வந்தது ஒரு மடக்கு மேசைக்கு முன்னால்.

பலஸ்தீனர்களுக்கும் இந்தக் கதை இருக்கிறது, எங்களுடையதைவிட நீளமாகவே. 1967ல் மேற்குக் கரையையும் காசாவையும் பிடித்த கையோடு இஸ்ரேல் இராணுவம் ஒரு கட்டளை போட்டது. அனுமதியில்லாமல் கொடியோ அரசியல் சின்னமோ காட்டக் கூடாது. 1980ல் மேற்குக் கரை நகரமான ரமல்லாவில் 'கலரி 79' என்ற ஓவியக் கூடத்தை மூடினார்கள். கொடியின் நான்கு நிறத்தையும் சேர்த்து வரையக் கூடாது என்று ஒரு அதிகாரி சொன்னாராம். அங்கிருந்த ஓவியர்களில் ஒருவரான இசாம் பத்ர், 'அந்த நிறங்களில் ஒரு பூ வரைந்தால்?' என்று கேட்டார். அதையும் பறிமுதல் செய்வோம், தர்ப்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று பதில் வந்தது. கூட இருந்த ஓவியர் சுலைமான் மன்சூர் பின்னாளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். தர்ப்பூசணியிலும் அதே நான்கு நிறம் என்பதால் உலகம் அதையே சின்னமாகப் பிடித்துக்கொண்டது. முதலில் கேட்கப்பட்டது பூவைப் பற்றி என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை பின்னியிருந்த பூவை அங்கே ஹன்னூன் என்கிறார்கள். மழைக்காலத்தில், ஜனவரி தொடங்கி, வயலும் சரிவும் சிவந்து கிடக்குமாம். சிவப்பு இதழ், கறுப்பு நடு, பச்சைத் தண்டு. நிலத்துக்காக இறந்தவர்களின் இரத்தம் என்று அங்கே பாட்டிமார் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அதிகாரபூர்வமான பூ வேறு. ஜெனின் பக்கத்து ஃபக்குவா ஊரின் ஐரிஸ் பூவை 2016ல் அறிவித்தார்கள். ஆனால் மக்கள் நெஞ்சில் குத்திக்கொள்வது சிவப்பைத்தான். அறிவிப்புகள் அப்படித்தான்.)

ஆங்கிலத்தில் அனிமனி என்கிற அதே சிவப்புப் பூ இஸ்ரேலின் தேசியப் பூவும்கூட. 2013ல் மக்களிடம் வாக்கெடுத்துத் தெரிவுசெய்தார்கள். காசா எல்லையை ஒட்டிய பக்கங்களில் பெப்ரவரியில் அது பூத்துக் கிடப்பதைப் பார்க்க ஒரு திருவிழாவே நடக்கும். அந்த வயல்களுக்குப் பக்கத்தில்தான் பேரி என்ற கிபுட்ஸ் (கூட்டுப்பண்ணைக் கிராமம்) இருக்கிறது. 2023 ஒக்டோபர் 7 அன்று ஹமாஸ் ஆட்கள் புகுந்து அங்கே மட்டும் நூறு பேரளவில் கொன்றார்கள். அன்றைக்கு மொத்தம் ஏறக்குறைய 1,200 பேர். அதை நான் தாண்டிப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்த கிழவிகளைக் கொல்வதற்கு எந்தப் போராட்டமும் நியாயம் ஆகாது. அந்தப் பூவை அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அணிந்தாலும் எனக்கு மறுப்பில்லை. என் வாசலுக்கு அப்படி ஒருவர் வந்தால் அவரையும் கழற்றச் சொல்லமாட்டேன்.

சரி, இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் அழுத்திச் சொன்னீர்கள், உண்மையில் கோபம் இருப்பதும் இதில்தான்: 'அவை எங்களுக்கு என்ன செய்தவை?'

அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. 2009 மே 27 அன்று ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை கூடியபோது நான் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கை அரசைப் பாராட்டுகிற தீர்மானம் 29 வாக்கால் நிறைவேறியது. எதிர்த்து 12, நடுநிலை 6. கை தூக்கியவர்களில் சவூதி, எகிப்து, ஜோர்தான், கட்டார் எல்லாம் இருந்தார்கள். கியூபாவும் இருந்தது. இந்தியாவும்தான். அதற்குப் பிறகு 2014 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச ரமல்லா போனார். பலஸ்தீனத் தலைமை அவருக்கு நாட்டின் உயர் விருதைக் கொடுத்தது, ஒரு தெருவுக்கு அவர் பெயரையும் வைத்தது. அவர் பல காலமாக பலஸ்தீன நட்புறவுக் குழுவில் இருந்தவர். செய்தியைப் பார்த்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போரின் முடிவில் சனம் இராணுவப் பக்கம் வந்த வட்டுவாகல் பாலத்தை என் தம்பி தாண்டினானா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. அவனைத் தேடுகிற எங்களுக்கு அந்தத் தெருவின் பெயர்ப் பலகை முகத்தில் விழுந்த அடிதான்.

ஆனால் கணக்கு எழுதத் தொடங்கினால் முழுக் கணக்கையும் எழுதவேண்டும். 1975ல் இதே லண்டனில் தொடங்கிய ஈரோஸ் இயக்கம் இங்கிருந்த பலஸ்தீன விடுதலை இயக்கப் பிரதிநிதியைப் பிடித்துத்தான் பெடியன்களை லெபனானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் பலஸ்தீனம் என்றால் எங்கள் வீடுகளில் நெருங்கிய சொந்தத்தின் பெயர் மாதிரி. மறுபக்கம் 1984ல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலின் நலன்காப்புப் பிரிவு திறந்தது. இலங்கைப் படைக்குப் பயிற்சி வந்தது, பின்னால் டோரா தாக்குதல் படகும் கிபிர் போர் விமானமும் வந்தன. கிபிர் என்றால் ஹீப்ரு மொழியில் சிங்கக்குட்டி. வன்னியில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை பங்கருக்குள் குதிக்கும். 1999 செப்டம்பர் 15 அன்று புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் மந்துவிலில் சனக்கூட்டத்தின் மேல் கிபிர் குண்டு போட்டு இருபதுக்கு மேற்பட்ட சாதாரண ஆட்கள் செத்தார்கள். இப்போது காசாவில் தலைக்கு மேல் பறக்கிறவை அந்தக் கடையில் செய்த வேறு சாமான்களும் அமெரிக்கச் சாமான்களும். கீழே நிற்கிறவர்களுக்கு மேலே இருப்பது எந்த மாடல் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

தெருவுக்குப் பெயர் வைத்தது ரமல்லாவில் கதிரையில் இருந்தவர்கள். காசாவின் கான் யூனிஸில் மாவுக்கு வரிசையில் நின்ற பிள்ளையிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை. எங்கள் பெயரில் யார் யாரோ யாரோடெல்லாம் கைகுலுக்கியிருக்கிறார்கள். அதற்குப் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் பதுங்கியிருந்தவர்களைப் பொறுப்பாக்கினால் எப்படி இருக்கும்? தலைமைகளை வைத்துச் சனத்தை அளக்கிறவர்களை நாங்கள் எவ்வளவு காலம் திட்டியிருக்கிறோம்!

அப்புறம் வாசிக்க வாசிக்க இன்னும் சிலவற்றை என்னால் தள்ளிவிட முடியவில்லை. 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லை நாங்கள் 2009 ஜனவரியில் கற்றுக்கொண்டோம். அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே ஷெல் அடித்தார்கள். காசாவில் அல்-மவாசி என்ற கடற்கரை மணலுக்குச் சனத்தைப் போகச் சொன்னார்கள். அங்கேயும் கூடாரங்களின் மேல் குண்டு விழுந்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி. அல்-ஷிஃபா ஆஸ்பத்திரி. கடலுக்கும் நெருப்புக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு துண்டு மணல். செய்தியில் அந்தப் படங்கள் வரும்போது எங்கள் வீட்டில் ஒருவரும் ரிமோட்டைத் தொடமாட்டோம். மாற்றவும் முடியாது, பார்க்கவும் முடியாது.

எண்ணிக்கையையும் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளை பூவைக் கோட்டுப் பைக்குள் வைத்த அதே கிழமை, 2025 நவம்பர் இறுதியில், காசா சுகாதார அமைச்சின் கணக்கில் இறந்தவர்கள் 70,000ஐத் தாண்டினார்கள். அதைக் கேட்டதும் எனக்கு 2012ல் ஐ.நா. தன்னைத் தானே பரிசீலித்து எழுதிய அறிக்கை ஞாபகம் வந்தது. எங்கள் கடைசி மாதங்களில் 70,000க்கு மேற்பட்டவர்கள் கணக்கில் இல்லை என்ற தகவல்கள் இருப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். அதற்கு முதல் வருடம் ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. கொழும்போ ஒரு கட்டத்தில் பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்றே சொன்னது. இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தது தற்செயல்தான், அதை வைத்துப் பெரிய தத்துவம் பேசவில்லை. ஆனால் செத்தவர்களை எண்ணுகிறவனைப் பொய்யன் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 'அது ஹமாஸின் கணக்கு' என்று எங்கள் மண்டபத்துக்குள்ளேயே ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டேன். 'அது புலியின் கணக்கு' என்று 2009ல் எங்களுக்குச் சொன்னவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் நேரே சொல்லவில்லை. 'அது வேற ஆக்களின்ர பிரச்சினை' என்றீர்கள். வேறு ஆட்கள் என்றால் முஸ்லிம்கள். சுற்றிவளைக்காமல் பேசுவோம். பலஸ்தீனர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. 2023 ஒக்டோபர் 19 அன்று காசாவில் புனித போர்பிரியஸ் தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் குண்டில் செத்தார்கள். 1995ல் யாழ்ப்பாணத்து நவாலியில் குண்டுவீச்சில் தேவாலயத்துக்குள் செத்தவர்களை நாங்கள் இன்னும் நினைக்கிறோம்தானே. ஆனால் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் இரக்கம் வாங்கவேண்டுமென்றால் அதுவே வெட்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை மணிக்கணக்கு அவகாசத்தில் கையில் கொஞ்சக் காசோடு வெளியேற்றியது எங்கள் பக்கம். யாழ்ப்பாணத்து முஸ்லிம் பகுதியான சோனகதெருவில் எனக்குப் பழக்கமான வீடுகள் இருந்தன. அதைப் பற்றி எங்கள் நவம்பர் மேடையில் இதுவரை ஒரு வசனம் கேட்டதில்லை. அந்தக் கடன் ஒரு நூல் பூவால் தீராது. இருந்தாலும் வாசலில் அந்தப் பூவைக் கழற்ற வைப்பது கடனைக் கூட்டுகிற வேலை.

2025 மார்ச்சில் இலங்கையில் 22 வயது முஸ்லிம் பெடியன் ஒருவனைப் பிடித்தார்கள். இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினானாம். எந்தச் சட்டத்தில் தெரியுமா? பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979. எங்கள் அண்ணன்மார் எந்தச் சட்டத்தில் உள்ளே போனார்களோ அதே சட்டம், அதே எழுத்து.

சட்டம் என்றதும் உங்கள் நான்காவது கவலை வருகிறது. அது நியாயமான கவலை, அதை நான் கேலி செய்யமாட்டேன். இந்த நாட்டில் எங்கள் நிகழ்வுகளே கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. புலிகள் இயக்கம் 2001 முதல் இங்கே தடை. ஹமாஸ் முழுவதுமாக 2021 முதல் தடை. 2025ல் 'பலஸ்தீன் அக்ஷன்' அமைப்பைத் தடைசெய்த பிறகு, அதை ஆதரித்து எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்ததற்காகவே வயதுபோன பாதிரிமாரைக்கூட பொலிஸ் தூக்கிக்கொண்டு போனதை நீங்களும் பார்த்தீர்கள். மண்டபக்காரர் பயப்படுவார், அடுத்த வருடம் மண்டபம் கிடைக்காது என்றீர்கள். விளங்குகிறது. ஆனால் ஒரு பெயரைத் தாங்கிய மட்டை வேறு, பூ வேறு. பலஸ்தீன மக்களை நினைத்துப் பூ அணிவதை இந்த நாட்டில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஹமாஸ் கொடியோடு யாராவது வந்தால் நானே மேசையைக் குறுக்கே இழுத்துப்போட்டு மறிப்பேன். உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். ஒருக்கால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கேட்காமலே எங்களுக்கு நாங்களே தடை போட்டுக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் ஒன்று, இது அந்தப் பொப்பி ஐயாவுக்காக. அவரைக் குறைசொல்லி எழுதுவதாக நினைக்க வேண்டாம். அவருடைய பாட்டனார் பிரித்தானியப் படையில் இருந்தவராம். அவர் அணிகிற பொப்பி நினைக்கிற ஆட்களில் ஒரு பகுதியினர் காசாவிலேயே புதைந்து கிடக்கிறார்கள். பலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்கப் பிரித்தானியா ஆதரவு சொன்ன பல்ஃபோர் பிரகடனம் 1917 நவம்பர் 2 அன்று எழுதப்பட்டது. ஐந்து நாள் கழித்து நவம்பர் 7 அன்று பிரித்தானியப் படை காசாவைப் பிடித்தது. அந்தச் சண்டைகளில் இறந்த 3,000க்கு மேற்பட்டவர்களின் கல்லறைகள் காசா நகரத்து அல்-துஃபா பக்கத்தில் வரிசையாக இருந்தன. இந்தியப் படையினரும் அங்கே உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காசாக் குடும்பத்தவர்களே அங்கே புல் வெட்டிப் பூமரம் பார்த்துவந்தார்கள். இந்தப் போரில் அந்த மயானத்தின் நடுகற்களும் சேதமடைந்துவிட்டன என்று அதைப் பராமரிக்கிற ஆணையமே சொல்லியிருக்கிறது. எங்கள் மாவீரர்களின் மயானங்களான துயிலும் இல்லங்களின் கல்லை உடைத்துப் பெயர்த்ததைப் பார்த்த எங்களுக்கு இதை வாசித்ததும் வயிற்றைப் பிசைந்தது. சிவப்புப் பொப்பியும் ஹன்னூனும் ஒரே மண்ணைத்தான் பார்க்கின்றன. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இருவரும் பேச ஒரு கதை இருந்திருக்கும்.

பங்குனியில் அந்த அம்மம்மாவை மரக்கறிக் கடையில் கண்டேன். நான்தான் போய்க் கதைத்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் முருங்கைக்காயைத் தெரிவுசெய்துகொண்டே சொன்னார்: 'பரவாயில்லை பிள்ளை. அவள் அந்தப் பூவைக் கார்த்திகைப்பூவுக்குப் பக்கத்தில வைக்கத்தான் பின்னினவள். ரெண்டு கிழமை இருந்து பின்னினவள்.' அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காசு கட்டுகிற இடத்தில் பேத்தியின் தொலைபேசி இலக்கம் தந்தார்.

அந்தப் பிள்ளை எனக்குப் பின்னக் காட்டித் தந்தாள். எனக்குக் கண் சரியில்லை, முதல் நான்கும் பூ மாதிரியே இல்லை, தக்காளி மாதிரி வந்தன. இப்போது பரவாயில்லை. நாற்பத்தொன்று முடித்துவிட்டேன். இந்த நவம்பரில் கார்த்திகைப்பூப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் வைப்பேன். யாரையும் எடுக்கச் சொல்லமாட்டேன், விலையும் இல்லை. விரும்பினவர்கள் எடுக்கட்டும். நீங்கள் வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுகிறேன், அது உங்கள் நிகழ்வு. ஆனால் தங்கள் வீட்டிலிருந்தே அணிந்துகொண்டு வருகிறவர்களைக் கழற்றச் சொல்ல இன்னொரு ஆளைப் பாருங்கள். என்னால் இனி முடியாது.

குண்டூசி வாங்குகிறபோது இந்த முறை ஊக்காக, கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள். பழையது கோட்டில் ஒரு பூவுக்கே வளைகிறது.

இப்படிக்கு,
வாசல் மேசையில் இருக்கிறவள்